பீஸ் ஸ்டேஷனில் வந்த பிரஷர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு வந்தார். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில்தான் எங்கள் இரண்டு பேர் வீடும். அவர் காலாட்படையில் 17 வருஷம் இருந்துவிட்டு 2011-ல் ஊர் திரும்பியவர். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக 22 வருஷம் இருந்தவன். "தம்பி, இதைப் பார்த்துட்டுப் பையன் கேஸ் போடலாம்ங்கறான். நீங்க இந்த வேலையில இருந்தவரு, என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கவருக்குள் டிஸ்சார்ஜ் புக், நாலைந்து மருந்துச் சீட்டு, அப்புறம் ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை, அதாவது வெளியே வரும்போது உடம்பைப் பார்க்கிற டாக்டர் குழு எழுதுவது. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பும் மஞ்சளாகிவிட்டது. நோய், பிரைமரி ஹைப்பர்டென்ஷன், அதாவது உயர் ரத்த அழுத்தம். ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுவதற்கும். பணியால் வந்ததா? இல்லை. பணியால் அதிகமானதா? இல்லை. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே ஒரு வரி: நோய் பீஸ் ஸ்டேஷனில் (போர்ச்சூழல் இல்லாத ஊரில்) தொடங்கியது, பணியோடு தொடர்பில்லை. கீழே மூன்று டாக்டர்களின் கையெழுத்து. இந்த 'இல்லை'யால்தான் அண்ணனுக்கு ஊன பென்ஷன் இல்லாமல் போனது.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். எங்கெங்கே வேலை பார்த்தார் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். குப்வாரா, எதிரே எஃப். லடாக், இரண்டரை வருஷம், எதிரே எஃப். எஃப் என்றால் ஃபீல்டு, எல்லைப் பகுதி மாதிரியான களப்பணி. கடைசி வரியில்தான் பீஸ் ஸ்டேஷன். அங்கே வந்து எட்டாவது மாதம் நடந்த வருடாந்திரப் பரிசோதனையில் பிரஷர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதே அறிக்கையின் முதல் பக்கம் சொல்வதைக் கடைசிப் பக்கம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கண்டுபிடித்த நாள் வேறு, நோய் தொடங்கிய நாள் வேறு. இது நர்சிங் படித்த எவருக்கும் தெரியும். உயர் ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்புக்குள் இருக்கும். மலை மேல் ஜலதோஷத்துக்கும் கால்வலிக்கும் எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்கு, வருகிற ஜவானுக்கு ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பதில்லை. நானே பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெளியே பனி, உள்ளே இருபது பேர் வரிசை. அன்று நான் குறிக்காமல் விட்ட அளவு ஒருவரின் பென்ஷனுக்கு ஆதாரமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ராணுவ ஊன பென்ஷனுக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி, சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நோய் வந்தால் அது பணியால் வந்தது என்று நிரூபிக்கச் சொல்லி ஜவானைக் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. 2008 விதிகள் இதைக் கொஞ்சம் இறுக்கின. பணிக்காலத்தில் நோய் தென்பட்டது என்பது மட்டும் போதாது என்றார்கள். ஓய்வு பெற்று 15 வருஷம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்றும் சேர்த்தார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புது விதிகள் வந்துவிட்டன.

அண்ணன் வெளியே வந்த காலத்து ராணுவ மருத்துவ அதிகாரிகளின் வழிகாட்டி நூலிலேயே ரத்த அழுத்தத்துக்குத் தனிப் பத்தி இருக்கிறது. ஃபீல்டு, அதிக உயரப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி, நீண்ட கப்பல் பணி, இந்த இடங்களில் வந்தால் பணியால் அதிகமானதாகக் கொள்ளலாம் என்கிறது. மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாள் அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று யூனிட்டிலிருந்து பட்டியல் வாங்க வேண்டும். வழிகாட்டியில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாமே நோய் கண்டுபிடித்த இடத்தை வைத்துத்தான் ஓடுகிறது. லடாக்கில் இரண்டரை வருஷம் இருந்துவிட்டு இறங்கி வந்தவருக்குக் கீழே வந்த பிறகு கருவி வைத்துப் பார்த்தால், மேலே இருந்த காலம் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறது.

இதனால் போவது எவ்வளவு என்று பலருக்கும் தெரியாது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உதாரணத்துக்குச் சம்பளம் 40,000 என்றால் 12,000. அண்ணனைப் போல 30 சதவீதம் என்றால் அதை 50-ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக மாதம் 6,000. ஆயுள் முழுக்க. எங்கள் பக்கம் தேங்காய் விலை விழுந்த மாதத்தில் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கிற காசு அது.

அந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. ஒரே காலையில் பத்துப் பதினைந்து பேருக்கு போர்டு. டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு ஓ.பி.யும் வார்டும் காத்திருக்கும். முந்தின கேஸில் எழுதிய வரியே அடுத்த கேஸிலும் வரும். ஜவானும் அவசரத்தில் இருப்பார். ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கையெழுத்துப் போடு என்ற இடத்தில் போடுவார். படிவம் முழுக்க இங்கிலீஷ். இங்கே தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்துவிட்டுப் போனவருக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தம் எப்படிப் புரியும்? நிராகரித்துக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும் என்பதும் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகு ஒருமுறை ஓர் அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். போர்டு சொன்னால் சொன்னதுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

போர்டு சொன்னால் சொன்னதுதான் என்பது சரியில்லை. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 1985-ல் சிக்னல்ஸ் என்கிற ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவில் சேர்ந்த சிப்பாய் அவர். வலிப்பு வந்து 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார், ஊனம் 20 சதவீதம். போர்டு காரணமே எழுதவில்லை. சேரும்போது இல்லாத நோய் பணியால் வரவில்லை என்றால், ஏன் என்று போர்டுதான் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த மனிதருக்கு இதைக் கேட்க 19 வருஷம் ஆயிற்று.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் இல்லை. 2019-ல் ஒரு ஸ்கிசோஃப்ரினியா வழக்கில், மனநோயைச் சேர்க்கும்போது கண்டுபிடிக்க முடியாது, அதனால் பணியால் வந்தது என்று தானாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் மறுத்தது. 2025 மே மாதம் அதே நோய் வந்த இன்னொருவர் வழக்கில், காரணம் சொல்லாத போர்டு அறிக்கையை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். போர்டின் மருத்துவக் கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது கருத்தாக இருக்க வேண்டும், ரப்பர் ஸ்டாம்பாக இருக்கக் கூடாது. பீஸ் ஸ்டேஷனில் வந்தது என்பதை மட்டும் சொல்லி மறுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் சொல்லியிருக்கிறது.

சிலர் இந்த பென்ஷனைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்னால் உடல்தகுதி குறைவு என்கிற கேட்டகரி வாங்குவதற்கென்றே ஆஸ்பத்திரிக்கு நடப்பவர்கள் உண்டு. மேல் ரேங்கில்தான் அதிகம் என்பது என் அனுபவம். பொதுப்பணம், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காக விதியை எல்லோருக்கும் இறுக்கினால் அடி விழுவது யாருக்கு? வக்கீல் வைக்கத் தெரிந்தவர் எப்படியும் வாங்கிவிடுவார். பணி விவரமும் அளவுகளும் காரணமும் எழுதிய அறிக்கை இருந்தால் பொய்யும் அதிலேயே தெரிந்துபோகும்.

அமெரிக்காவில் 2022-ல் ஒரு சட்டம் போட்டார்கள். போர்முனையில் குப்பை எரித்த பள்ளங்களின் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பட்டியலில் உள்ள நோய்கள் வந்தால், தொடர்பைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் இருந்தார் என்பது போதும். லடாக்கிலும் சியாச்சினிலும் இருந்தவர்களுக்கு நாமும் அப்படி ஒரு பட்டியல் போடலாம் என்பது என் ஆசை. அது நடக்கும் வரை குறைந்தது இதையாவது செய்யலாம்: ஃபீல்டிலிருந்து இறங்கும் நாளில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, ஜவான் கையில் ஒரு நகல் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

அண்ணனுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். லடாக் காலத்து மருத்துவத் தாள்கள் முழுவதும் கேட்டிருக்கிறோம். அழித்துவிட்டோம் என்று பதில் வரலாம். வந்தால் அந்தப் பதிலையே கோப்பில் வைத்துக் கொச்சியில் இருக்கிற ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போவோம். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இருப்பவர்களுக்குச் சென்னை பெஞ்ச், எங்களுக்குக் கொச்சி.

நம்ம பக்கத்தில் ரிலீஸ் போர்டு தாள் வைத்திருக்கிற எக்ஸ் சர்வீஸ்மேன் யாராக இருந்தாலும், அதை எடுத்துக் காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். ஒரு வரி மட்டும் இருந்தால், முதல் பக்கத்தில் எஃப் என்று இருக்கிற ஊர்களையும் பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்து வாங்க. ஒன்பது மணியிலிருந்து திண்ணையில்தான் இருப்பேன். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.