எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள்

எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டி) வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் எர்த் இருக்கா?" என்பதுதான். பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர், "மூணு பின் பிளக்தாண்ணே" என்பார்கள். மூன்று ஓட்டை இருப்பதும் எர்த் இருப்பதும் ஒன்றில்லை.

யூடியூபில் எஸ்எம்பிஎஸ் பற்றி வரும் பேச்செல்லாம் ஒழுங்கான கரண்ட்டும் ஒழுங்கான எர்த்தும் ஏசி அறையும் இருக்கிற வீட்டை மனதில் வைத்துச் சொல்வது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிகளும், படித்துக்கொண்டே வீட்டில் ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளும் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு 1200 வாட் பிளாட்டினம் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். அந்த மெஷினைச் சொருகப் போவதோ தாத்தா காலத்து ஒயரிங்கில். ரெண்டு லட்சம், மூணு லட்சம் போட்டுச் செய்கிற மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் தேடுவதைச் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டிலிருந்து இல்லை என்பது என் கட்சி.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட், 5080 என்றால் 360, 5090 என்றால் 575. பிராசசரில் ரைசன் 7 9800எக்ஸ்3டி பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும் 162 வரை இழுக்கும். இன்டெல் கோர் ஐ9 14900கே 253 வரை போகும். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 100 வைத்துக்கொள்ளுங்கள். 5070 டிஐயும் அந்த ரைசனும் சேர்ந்தால் 560 சொச்சம். 750 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம், என்விடியாவும் அந்தக் கார்டுக்கு 750தான் சொல்கிறது. 5090 வாங்குகிறவர்களுக்கு 1000. "ஸ்பைக் வருமாமே" என்று சிலர் பயப்படுகிறார்கள், வரும்தான். கார்டுகள் கண்ணிமைப்பதற்குள் சராசரியைவிட ரெண்டு மூணு மடங்கு வரைகூட இழுத்துவிடும். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற, 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். புது விதிப்படி செய்ததை வாங்கினால் அந்தப் பயமும் தீர்ந்தது.

இப்போது சுவருக்கு வருவோம்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே வீடியோவைத் திரையில் போட வேண்டும் என்றார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வளவில் ஒரு ஓரமாக வைத்துச் சொருகினோம். வெறுங்காலோடு நின்ற பையன் ஒருவன் கேபினட் மேல் கையை வைத்ததும் "அண்ணே, சுருசுருங்குது" என்றான். புறங்கையால் லேசாகத் தடவிப் பார்த்தேன், ஆமாம், தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அங்கேயே இருந்த எலக்ட்ரீஷியன் பிளக் பலகையைக் கழற்றினார். உள்ளே ரெண்டே ஒயர், துணி சுற்றிய பழைய ஒயர். எர்த் முனையில் ஸ்க்ரூ புத்தம் புதுசாக அப்படியே இருந்தது, அதில் எந்தக் கம்பியும் என்றைக்கும் மாட்டப்பட்டதே இல்லை.

இதற்கு எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் கரண்ட் நுழைகிற வாசலிலேயே இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், பேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. எர்த் சரியாக இருந்தால் அதில் கசிகிற துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230ல் பாதி, 115 வோல்ட் பக்கம். கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் ஆளுக்கு ஆபத்து வராது. ஆனால் அதே மெஷினிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியில் சொருகும்போது சின்னதாகப் பொறி பறக்கும், போர்ட் போகும், ஆடியோவில் கூவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே நிஜமாகவே ஏதாவது ஷார்ட் ஆகி பேஸ் கேபினட்டைத் தொட்டால் அப்போது ஆளுக்கே ஆபத்து, ஏனென்றால் அதை இழுத்துக்கொண்டு போக வழி இல்லை. இடி மின்னலுக்கு என்று வாங்கி வைக்கிற சர்ஜ் புரொடக்டரும் எர்த் இல்லாமல் பாதி வேலைதான் செய்யும்.

எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எர்த் குழி இருந்தாலும் நம் செம்மண் கோடையில் காய்ந்து கிடந்தால் அது சும்மா பெயருக்குத்தான், உப்பும் கரியும் போட்ட குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்வேதியியலுக்கு என்றே 1953லிருந்து சிக்ரி ஆராய்ச்சி நிலையம் நடக்கிற ஊர் காரைக்குடி, ஆனால் வீட்டு எர்த் குழி எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் வாயைப் பிளக்கிறோம்!

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற அந்த இமைப்பொழுதில் மெஷினைத் தாங்கிப் பிடிப்பது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற பெரிய கெப்பாசிட்டர். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் ஹோல்ட் அப் டைம். கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை, என்னைக் கேட்டால் நம்ம பக்கத்துக்கு வாட்டைவிட இதுதான் முக்கியம். ஏடிஎக்ஸ் 3.0 விதியில் முழு லோடில் 17 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்றிருந்தது. 2023ல் வந்த 3.1ல் முழு லோடில் 12 போதும், 80 சதவீத லோடில் 17 இருந்தால் சரி என்று தளர்த்திவிட்டார்கள். புதுசு என்பதாலேயே எல்லாவற்றிலும் கூடுதல் என்று நினைக்காதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், ஆக ஒரு முழுச் சுற்று காணாமல் போனாலே விதிப்படி உத்தரவாதம் முடிந்தது.

லோடு குறைந்தால் இந்த நேரம் கூடும், லோடு பாதி என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் 750 போதும் என்று கணக்கு வந்த இடத்தில் 850 வாங்கச் சொல்கிறேன். கரண்ட் போகிற நேரத்தில் எடிட் கையில் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் 100 வாட். அப்புறம் எப்போதோ கார்டு மாற்றுவோம் என்பதற்காக 1200 வாங்குவதெல்லாம் கடைக்காரருக்கு நல்லது.

இன்வெர்ட்டர் முதுகில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பல வீடுகளில் அது வந்த நாளிலிருந்து நார்மலிலேயே கிடக்கும். நார்மலில் மாறுவதற்கு நேரம் எடுக்கும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, மெஷின் அணைந்து எழும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள், காசு செலவில்லாத வைத்தியம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் வேறு கதை. இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் கரண்ட்டைச் சீராக இழுப்பதற்கு என்று இருக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட்டுக்கும் அந்த முரட்டு அலைக்கும் ஒத்துப்போவதில்லை, சிலது கத்தும், சிலது அணைந்தே போகும். வீட்டுக் கரண்ட் மாதிரியே வழவழவென்று அலை தருகிற ப்யூர் சைன் வேவ்தான் வேண்டும். தனி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், சின்ன 600 விஏ யுபிஎஸ்களில் பெரும்பாலும் 360 வாட்தான், ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் பீப் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

நல்ல சேதி ஒன்றும் உண்டு. ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை என்று லேபிளில் போட்ட எஸ்எம்பிஎஸ், சாயங்காலம் டியூப்லைட் மினுக்குகிற லோ வோல்டேஜிலும் கூசாமல் ஓடும். பின்பக்கம் சிவப்பாக 115/230 என்று ஒரு ஸ்விட்ச் வைத்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் நீட்டினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆக்டிவ் பிஎஃப்சி அதில் இருக்காது. கேபினட்டோடு இலவசமாக வருவதும் வேண்டாம். லேபிளில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று பொடியாக எழுதியிருப்பார்கள், பெருக்கிப் பாருங்கள், 200கூட வராது. இன்றைய கார்டும் பிராசசரும் தின்பது முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். ஒழுங்கான 750 வாட்டில் அந்த இடத்தில் 62 ஆம்பியர் என்று இருக்கும்.

80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் பற்றி. 2004ல் தொடங்கிய திட்டம், எவ்வளவு கரண்ட்டைச் சூடாக வீணாக்குகிறது என்று மட்டும் சொல்லும், உள்ளே பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லாது. பாதி லோடில் ப்ரான்ஸ், அதாவது வெண்கலத் தரத்துக்கு 85, கோல்டுக்கு 90 சதவீதம். 400 வாட் இழுக்கிற மெஷினைத் தினம் அஞ்சு மணி நேரம் ஓட்டினால் வித்தியாசம் வருஷத்துக்கு 48 யூனிட் பக்கம், யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் நானூறு ரூபாய் வராது. பில் குறையும் என்று நம்பிப் பிளாட்டினம் வாங்காதீர்கள். நான் கோல்டு வாங்கச் சொல்வது வேறு காரணத்துக்கு: அந்த விலையில்தான் 105 டிகிரி வரை தாங்குகிற கெப்பாசிட்டரும் நீண்ட வாரண்டியும் சேர்ந்து வருகின்றன. அந்த 80 பிளஸ் சோதனையும் 23 டிகிரி அறையில் நடப்பது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற நம் எடிட்டிங் ரூமில் 23 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? 10 டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. முழு வாட்டையும் 50 டிகிரியில் தரும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சில கம்பெனிகள் 40 என்று போட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஃபேன் கீழே பார்த்து இருந்தால் கேபினட் அடியில் இருக்கிற தூசி வலையைக் கழற்றித் தட்டிவிடுங்கள், செம்மண் தூசி ஒரு மாதத்தில் அதை மூடிவிடும்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் பவர் கொடுக்கிற 16 பின் கனெக்டர் உருகிய கதை எல்லோருக்கும் தெரியும், 2022ல் 4090 வந்தபோது படங்கள் சுற்றின. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், அது ஆறு பின்னில் பிரிந்து போகிறது, ஒவ்வொன்றிலும் எட்டு ஆம்பியருக்கு மேல். கொஞ்சம் வெளியே நின்றாலும் சூடேறும். ஏடிஎக்ஸ் 3.1ல் வந்த புதுக் கனெக்டரில், கார்டுக்குச் சேதி சொல்கிற சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், முழுசாக உள்ளே போகாவிட்டால் கார்டுக்குப் பவர் போகாது. இந்த ஒரு காரணத்துக்காக 3.1 எனக்குப் பிடிக்கும். கேபினட் கண்ணாடி அழுத்தி கேபிள் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் என்றதும் இன்னொன்று. கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, "பழைய கேபிள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கு, அதையே சொருகிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார்டு பக்கம், போர்டு பக்கம் முனைகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. வடிவம் பொருந்திச் சொருகிக்கொள்ளும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வந்து ஹார்டு டிஸ்க்கைக் கருக்கிவிடும். கல்யாண ஃபுட்டேஜ் எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை யாருக்காவது விற்றால் அதன் கேபிள்கள் மொத்தத்தையும் அதே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.