மோஷேயை ஒருத்தரும் நம்பவில்லையே

யூதரான எலீ வீசல் நாஜி முகாம்களில் தான் பட்டதை எழுதிய ‘இரவு’ நூல் பற்றிய உங்கள் கட்டுரையில் முகாம் கொடுமைகளைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு என்னவோ அதற்கு முந்தைய பக்கங்களைத்தான் தாங்க முடியவில்லை. நாஜிகளின் படுகொலையிலிருந்து தப்பி, வீசலின் சொந்த ஊரான சிகெட்டுக்குத் திரும்பிய மோஷே வீடு வீடாகப் போய் அழுது சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை, கடைசியில் 1944 மே மாதம் அந்த ஊர் யூதர்களை ரயிலில் அடைத்து ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டார்களே, பாவம்!

அப்புறம் புக்கன்வால்ட் முகாமில் வீசலின் அப்பா சாகும் இடம். அப்பா கூப்பிடக் கூப்பிட, அடி விழும் பயத்தில் தான் அசையாமல் படுத்திருந்ததை வீசல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சின்னப் பையன், வேறென்ன செய்திருக்க முடியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அப்பா போனது 1945 ஜனவரிக் கடைசியில், முகாம் விடுதலையானது ஏப்ரல் 11. நடுவில் இரண்டரை மாதம்கூட இல்லை, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.