நவி பிள்ளை பற்றிய வாட்ஸ்அப் செய்தி: எது சரி, எது தப்பு

"சர்வதேச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவர் ஒரு தமிழ்ப்பெண், நவி பிள்ளை" என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. தமிழ் வம்சாவளி என்பது சரி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1941இல் பிறந்தவர், அப்பா பஸ் ஓட்டுநர். பதவிதான் தப்பு.

அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவர் பிரிட்டனின் ரோசலின் ஹிக்கின்ஸ், 2006இல். அங்கே நிரந்தர நீதிபதியான முதல் ஆப்பிரிக்கப் பெண் உகாண்டாவின் ஜூலியா செபுடிண்டே, 2012இல். காம்பியா மியான்மர் மீது தொடுத்த வழக்கில் மட்டும், காம்பியா நியமித்த தற்காலிக நீதிபதியாக நவி பிள்ளை அங்கே அமர்ந்தார். அவர் 2003 முதல் 2008 வரை நீதிபதியாக இருந்தது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில். இரண்டுமே ஹேக் நகரில் இருப்பதால் குழப்பம் வருகிறது, ஆனால் முதலாவது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளையும் இரண்டாவது தனி மனிதர்களையும் விசாரிக்கிறது.

அப்புறம், அவர் உண்மையில் தலைமை வகித்தது, 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்துக்கு, 1999 முதல் 2003 வரை. அதற்கு முன்பே, 1998இல், அங்கே அகாயேசு என்ற ருவாண்டா நகரத் தலைவர் மீதான வழக்கில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று முதன்முதலாகத் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், அந்த அமர்வில் இருந்த ஒரே பெண். இவ்வளவு பெரிய விஷயம் அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீதிபதிகள், தலைவர்கள் பட்டியல் அந்தந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பழைய செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.