குவாதலூப் படத்தின் கீழே எழுதப்பட்ட அந்த ஒரு வரி

மூன்று நாள்களாகப் பதில் எழுதாமல் இருந்தேன். கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவின் புவான்தாபித்ர் நகரில் நான் எடுத்துப் போட்ட படத்தின் கீழே நடந்த சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. "நாமும் அங்கே அடிமைகளாகத்தான் போனோம், அடுத்தவன் துக்கத்துக்குக் கட்டிய கட்டடத்தின் முன்னால் உங்களுக்கு என்ன வேலை" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு 200 பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

நாம் அங்கே அடிமைகளாகப் போகவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகப் போனோம்.

அந்தக் கட்டடம் மெமோரியால் ஆக்ட், அடிமை முறையின் நினைவாக எழுப்பிய அருங்காட்சியகம். 1869-இல் தொடங்கி 1980-இல் மூடப்பட்ட தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த அதே இடத்தில், கடலோரத்தில், 2015 மே 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. கறுப்புச் சுவரின் மேல் வெள்ளி நிறத்தில் வேர்கள் படர்ந்திருப்பதைத்தான் நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். இடிந்த சுவரை ஆலமரத்தின் வேர் கவ்விப் பிடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த, அடிமைகளைப் பூட்டிய ஓர் இரும்பு விலங்கின் முன் நான் வெகுநேரம் நின்றேன். அதன் வெளிப்பக்கம் முழுவதும் துரு ஏறியிருந்தது, உள்விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. எத்தனை பேருடைய தோல் பட்டு அந்த இரும்பு அப்படித் தேய்ந்திருக்கும் என்று நினைத்தபோது என்னால் அடுத்த அறைக்குப் போக முடியவில்லை.

1685-இல் பிரெஞ்சு அரசன் பிறப்பித்த கறுப்பர் சட்டத்தின்படி, அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை அவளுடைய எசமானின் உடைமை. பால் குடிக்கும் குழந்தை, பிறந்த நாளிலிருந்தே விற்பனைக்குரிய பொருள். 1794-இல் பிரான்ஸ் விடுதலை கொடுத்து, 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பப் பறித்தபோது, எதிர்த்துப் போராடிய படை அதிகாரி தெல்கிரேஸும் அவருடன் நின்றவர்களும் அந்தத் தீவின் மத்துபாவில் வெடிமருந்துக்குத் தாங்களே தீ வைத்து மாண்டார்கள். அதன்பின் 1848 வரை இன்னும் 46 ஆண்டுகள். அந்த ஆண்டு அங்கே விடுதலை பெற்றவர்கள் சுமார் 87,000 பேர். அவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவர்களை வைத்திருந்தவர்களுக்குத் தலைக்குச் சுமார் 470 பிராங்க் இழப்பீடு என்று கணக்குப் போட்டார்கள். இந்த வரலாற்றோடு நம்முடையதைக் கொண்டுபோய் ஒட்டி, "நாமும்தான்" என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் நம்மவர்கள் பட்டது துன்பமே இல்லையா என்று கேட்பீர்கள். நம்மவர்கள் கப்பலேறிய காரைக்காலில் பிறந்தவன் நான், என்னிடமா இதைக் கேட்பது? 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1889 வரை சுமார் 42,000 இந்தியர்களை அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க் கூலி. அந்தக் கூலியும் பல தோட்டங்களில் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை, நான்கில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. இது கொடுமைதான், ஆனாலும் வேறு கொடுமை. விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டபோது, அதைக் கொடுக்க மனமில்லாத தோட்ட முதலாளிகள்தான் நம்மவர்களைக் கப்பலில் ஏற்றி வரவழைத்தார்கள். விடுதலையானவர்களின் கூலிப் பேரத்தை முறிப்பதற்காக நாம் இறக்கப்பட்டோம். அந்த வீட்டுத் துக்கத்தில் போய் நமக்கும் சமபங்கு கேட்பது எப்படி நியாயமாகும்?

எங்கள் ஆத்தாவுடைய தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறினார். பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், வீட்டில் அவர் "கப்பலுக்குப் போனவர்"தான். எந்தத் தீவு என்று யாருக்கும் தெரியாது, இறந்த நாளும் தெரியாது. அதனால் மகாளய அமாவாசையில் மட்டும் ஆத்தா அவருக்கென்று தனியாக ஒரு தலைவாழை இலை போடுவார். நாங்கள் சாப்பிடும் இலைகளைவிட அது பெரியதாக இருக்கும். சோற்றில் நெய் விட்டு, வாழைக்காய்ப் பொரியலை வைத்து, "தண்ணி தாண்டிப் போன புள்ள, பசியோட போயிருக்கும்" என்று ஒவ்வொரு ஆண்டும் அதே வார்த்தைகளைச் சொல்வார். ஆத்தா ஒருபோதும் அவரை அடிமை என்று சொன்னதில்லை.

இவ்வளவு செலவு செய்து இதைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது என் உழைப்பில் வந்த பணம். பிரான்சில் பிழைப்பதால் பிரெஞ்சுக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எழுதியவர்கள், மேலே நான் எழுதியதில் பிரெஞ்சு அரசுக்குப் பரிந்து எந்த வரி இருக்கிறது என்று காட்டட்டும்.

தமிழரின் அடிமை வரலாற்றைத்தான் பேச வேண்டும் என்றால், கடல் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. காவிரிக் கழனிகளில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்கு எழுதப்பட்டு, நிலம் கைமாறியபோது நிலத்தோடு கைமாறிய மனிதர்களைப் பற்றிப் பேசுங்கள். பிரித்தானிய இந்தியாவில் அடிமை உடைமைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று 1843-இல் சட்டம் வந்த பிறகும், படியாள் படியாளாகவே இருந்தார். கப்பலேறியவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவர்களை விற்றதும் வாங்கியதும் வெள்ளைக்காரன் மட்டுமல்ல. அதைப் பற்றி எழுதியபோதெல்லாம் ஒருவர்கூட வந்து "நாமும்தான்" என்று சொன்னதில்லை என்பதை வலியோடு சொல்கிறேன்.

காப்பெஸ்தேர் ஊருக்குப் பக்கத்தில், ஷாஞ்ஜியில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கும் போனேன். அங்கே ஒரு பெரியவர், நான் தமிழ் பேசுபவன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். பொருள் அவருக்குத் தெரியாது, தகப்பன் வாயிலிருந்து கேட்ட ஒலியாக மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார். "ஆத்தா", "வாசல்" என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. அவற்றின் பொருளை நான் சொன்னதும், பக்கத்தில் நின்ற பேத்தியிடம் அந்தத் தீவின் கிரயோல் மொழியில் அதை இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். அந்த ஊரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904-இல் வழக்கைத் தொடங்கி 1923 வரை விடாமல் நடத்தி வென்றார். நம்முடைய வரலாறு என்று சொல்லிக்கொள்ள இதெல்லாம் இருக்கிறது. என் படத்தின் கீழே சண்டை போட்ட ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை.

படத்தை எடுத்துவிடச் சொல்லி வீட்டிலிருந்தும் தொலைபேசி வந்தது. எடுக்கமாட்டேன். அந்த வரியை எழுதியவர் யார் என்று இங்கே சொல்லவும் மாட்டேன். ஆத்தா அந்தத் தனி இலையில் பரிமாறிய ஆண்டுகளில் அவரும் என் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார். காக்கைக்குச் சோறு வைக்க இரண்டு பேரும் சேர்ந்துதான் மாடிக்கு ஓடினோம்.