திரையை இறக்கச் சொன்னவர்

மேடையில் பேர் வாங்கிய ஒரு நடிகர் தொலைக்காட்சித் தொடருக்குப் போனால், “பாவம், பிழைப்புக்குப் போய்விட்டார்” என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க நடிகர் ஜெர்ரி ஆர்பாக் நினைவுக்கு வருகிறார், கோபமும் வருகிறது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1935இல் பிறந்தவர். 42 ஆண்டுகள் ஓடிய ‘தி ஃபேன்டாஸ்டிக்ஸ்’ இசை நாடகத்தின் முதல் நாயகர்களில் ஒருவர். 1969இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

1980 ஆகஸ்ட் 25, அவர் நடித்த ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ இசை நாடகத்தின் தொடக்க இரவு. கைதட்டல் அடங்கவில்லை. தயாரிப்பாளர் டேவிட் மெரிக் மேடைக்கு வருகிறார். இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று காலையிலேயே இறந்துவிட்டதாக அறிவிக்கிறார். நடிகர்களுக்கே அப்போதுதான் தெரியும். ஒப்பனை கலையாத முகங்களோடு அவர்கள் விக்கித்து நிற்க, அரங்கம் முழுவதும் அவர்களையே பார்க்கிறது. திரையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் ஆர்பாக். அடுத்தவர் அழுகையை வேடிக்கைப் பொருளாக விடக் கூடாது என்று அந்த நொடியில் ஒருவருக்குத் தோன்றுகிறது பாருங்கள், அதைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது.

‘லா அண்ட் ஆர்டர்’ என்ற தொலைக்காட்சிக் குற்றப் புலனாய்வுத் தொடரில் லென்னி பிரிஸ்கோவாக அவர் வந்தது 1992இல், 57 வயதில். குடியை விட்டொழித்த, இரண்டு முறை மணமுறிவு கண்ட துப்பறியும் காவலர். தொடக்கத்தில் ஒரு சடலம் கிடக்கும். பிரிஸ்கோ குனிந்து பார்த்து, ஒரே ஒரு கிண்டல் வரி சொல்லி நிமிர்வார். வாய்தான் கிண்டல் செய்யும். கண்கள் இறந்தவரை விட்டு நகராது. அந்த ஒரு பார்வைக்காகவே பழைய பகுதிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாட்டில்லை, ஆட்டமில்லை, விளக்கொளியில்லை. அவர் நடித்ததிலேயே பெரிய வேடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

12 ஆண்டுகள் அந்த வேடத்தில் இருந்தார். அவற்றில் பெரும்பகுதி புராஸ்டேட் புற்றுநோயோடு கழிந்தது. ஊருக்குச் சொல்லாமல் படப்பிடிப்புக்குப் போய்வந்தார். தினமும் காலையில் மனைவிக்கு ஒரு குட்டிக் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போவாராம். அடுத்து வந்த கிளைத் தொடரிலும் இரண்டு பகுதிகள் நடித்து முடித்தார். அவை ஒளிபரப்பாகும் முன்பே, 2004 டிசம்பர் 28இல், 69 வயதில் காலமானார். பிராட்வே தன் விளக்குகளை மங்கலாக்கி அஞ்சலி செலுத்தியது.

கண்களைத் தானம் செய்திருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த இருவருக்குப் பார்வை கிடைத்தது. பிறகு கண் வங்கி அவர் படத்தைப் போட்டு, கண் தானம் கேட்டு அந்நகரின் சுரங்க ரயில்களில் விளம்பரம் வைத்தது. அந்த இருவரில் ஒருவர் என்றாவது அதே பெட்டியில் ஏறி, அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்திருப்பாரோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.