மெக்கார்ட்னி பிரபு கை சுத்தமானவர்தான், ஆனால்...

பிரிட்டிஷ் பேரரசைச் 'சூரியன் மறையாத சாம்ராஜ்யம்' என்று வர்ணித்து எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் மெக்கார்ட்னி. ஆங்கிலேயர் இல்லை, அயர்லாந்துக்காரர். 1737-ல் பிறந்தவர், ஆன்ட்ரிம் பகுதி நிலப்பிரபு. எழுதியது 1773-ல், அதுவும் அயர்லாந்தைப் பற்றிய நூலில்! முந்தைய வருடம்வரை அங்கே தலைமைச் செயலர் அவர்தான். சொந்த ஊரை லண்டனுக்காக ஆண்ட மனிதர்.

இவரைச் சென்னை வரலாற்று ஆர்வலர்கள் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறோம் என்று எனக்குப் படுகிறது. 1781 ஜூனில் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக வந்தார். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கொழுத்த காலம். மெக்கார்ட்னி கைநீட்டவில்லை. உண்மை, மறுக்க முடியாது.

ஆனால் அவர் செய்த பெரிய வேலை என்ன? அந்த டிசம்பரிலேயே நவாபிடமிருந்து அவர் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) வரி வருவாயைக் கம்பெனிக்கு எழுதி வாங்கினார். ஆறில் ஐந்து பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு நவாபுக்கு. ஹைதர் அலி படையெடுத்து ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்த நேரம் அது. சென்னையில் பஞ்சம், மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்த நிலத்திலிருந்துதான் போருக்கு வரி. லஞ்சம் வாங்காத கவர்னர் என்பதால் உழவனுக்கு ஒரு படி நெல்லாவது மிஞ்சியதா? வரி திருடனிடம் போகாமல் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான்.

1785-ல் வருவாயை நவாபுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கு. அதை நான் செய்யமாட்டேன் என்று பதவியை உதறினார். இந்த இடத்தில் மட்டும் எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

அப்புறம் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜெனரல் ஸ்டுவர்ட் கதை. ஹைதர் அலியோடு நடந்த பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். மெக்கார்ட்னி அவரைக் கைது செய்து கப்பலேற்றி அனுப்பினார். 1786-ல் லண்டனில் இருவரும் துப்பாக்கிச் சண்டைக்கு நின்றார்கள். ஒற்றைக்காலர் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டார், குண்டு பட்டது கவர்னருக்கு!

1793-ல் பிரிட்டிஷ் தூதராகப் போய், சீனப் பேரரசர் முன் தரையில் தலைபட விழமாட்டேன் என்று நின்றதற்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நமக்கு முக்கியம் அந்த நான்கு வருட வரிக்கணக்கு. யாராவது அதைத் தமிழில் விரிவாக எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.