ஓநாய் நாயகனுக்கு எத்தனை நட்சத்திரம்?

நாயகன் ஓநாயாக மாறுகிற காதல் நாவல் ஒன்றை வைத்து நம்ம மதுரை வாசகர் குழுக்களில் நடக்கும் சண்டையைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். நாவலின் பெயர் வேண்டாம். கதையைச் சொன்னாலும் அது எது என்று யாராலும் பிடிக்க முடியாது. இந்த வகையில் பாதிக்குப் பாதி இதே கதைதான். பனி கொட்டும் அமெரிக்க மலையூர். அங்கே வேலைக்கு வந்து சேரும் நகரத்துப் பெண். ஊரே பயப்படுகிற ஓர் ஆறடிக்காரன், ஓநாய்க் கூட்டத்தின் ஆல்ஃபா, அதாவது தலைவன். அவள் கடந்து போகும்போது காற்றில் வரும் வாசனையிலேயே 'இவள்தான் என் மேட்', அதாவது விதி எழுதிய ஜோடி, என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. மீதி முந்நூறு பக்கமும் அவளுக்குப் புரியவைக்கிற வேலைதான்.

இதற்கு ஒருத்தர் ஐந்து நட்சத்திரம் போட்டு 'விடிய விடியப் படிச்சேன் சிஸ்' என்கிறார். இன்னொருத்தர் ஒற்றை நட்சத்திரம் போட்டு 'இது காதலா, கடத்தலா?' என்று கேட்கிறார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எதை வைத்து அளந்தோம் என்று சொல்லாமல் மார்க்கை மட்டும் போட்டுவிட்டுப் போவதுதான் வம்பு. 'பிடிச்சிருக்கு, பிடிக்கல' என்ற ஒரே தலைப்பின் கீழே சம்பந்தமே இல்லாத பல சண்டைகள் ஓடுகின்றன.

அதில் லேசானது 'நிஜ ஓநாய் இப்படி இருக்காது' என்கிற கட்சி. தகவல் சரிதான். ஆல்ஃபா என்ற கருத்தே, முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுப் பார்த்ததில் பிறந்தது. ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் எழுதிய ஆய்வு அப்படி அடைபட்ட ஓநாய்களைப் பற்றியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைவன் ஆவதற்கு அங்கே வேலையே இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் ஜோடி தேடித் தனியே போய்விடும். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் அவரே கேட்டுக்கொண்டார்.

சரி, இதற்காக ஒரு காதல் நாவலுக்கு நட்சத்திரத்தைக் குறைக்கலாமா? என்னைக் கேட்டால் கூடாது. மனிதன் ஓநாயாக மாறுவதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த ஆள், ஓநாய்க் குடும்ப அமைப்பில் வந்து சட்டம் பேசுவது நியாயமில்லை. எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் இது உதவும். தலைமைக்கு முட்டிக்கொள்ளும் ஆண்கள் கூட்டம் ஆயிரம் நாவலில் வந்து சலித்துவிட்டது. வயதான அப்பா அம்மா ஓநாய், வீட்டை விட்டுப் போக மனசில்லாத கடைசிப் பையன் என்று எழுதினால் புதுசாகவும் இருக்கும், உண்மைக்குப் பக்கத்திலும் இருக்கும்.

அடுத்தது உருமாற்ற விதிகள். இந்த வகையை வருஷக்கணக்கில் படிப்பவர்கள் கோபப்படுவது இங்கேதான், அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஓநாய் மனிதன் கதை எழுதிய பழைய ஆட்கள் இதில் கவனமாகவே இருந்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டு ரோமானியக் கதை ஒன்றில், சிப்பாய் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓநாயாகிறான். ஓநாய்க்குக் கழுத்தில் ஈட்டிக் குத்து விழுகிறது. திரும்பி வந்து பார்த்தால் சிப்பாய் கழுத்தில் அதே காயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி த ஃபிரான்ஸ் எழுதிய பிரெஞ்சுக் கதைப்பாடலில் மனைவி உடுப்பை ஒளித்து வைக்கிறாள், கணவன் ஓநாயாகவே நின்றுவிடுகிறான். உடுப்பு கிடைத்தால்தான் திரும்ப மனிதன். ஒரே ஒரு விதி, மொத்தக் கதையும் அதன் மேல் நிற்கிறது.

இன்றைய நாவலில் உடுப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் சட்டை கிழிகிறது. எட்டாம் அத்தியாயத்தில் காட்டுக்குள் மரப்பொந்தில் மாற்று பேன்ட் வைத்திருக்கிறான். நல்ல யோசனை. இருபதாம் அத்தியாயத்தில் நட்டநடு ஊரில் மாறிவிட்டுத் திரும்பும்போது பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறான்! எடைக் கணக்கும் இப்படித்தான். எண்பது கிலோ ஆள் குதிரை உயர ஓநாய் ஆகிறான். அந்தச் சதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மந்திரம். மந்திரம்தான் என்றால் சரி, நாவலின் முதல் கால்வாசிக்குள் சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை 'ஆல்ஃபா கட்டளையை யாராலும் மீற முடியாது' என்ற விதி. ஆரம்பத்தில் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கிளைமாக்ஸில் நாயகி மட்டும் மீறுவாள். ஏன் முடிந்தது என்றால் 'அவள் காதல் அவ்வளவு பெரிசு' என்று பதில் வரும். அந்த இடத்தில் ரெண்டு நட்சத்திரத்தைக் கழிக்கிற வாசகரோடு நான் நிற்பேன்.

நம்ம ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க வெளியே போக வேண்டியதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 59-வது படலம் நரியைப் பரியாக்கியது, 60-வது பரியை நரியாக்கியது, 61-வது மண் சுமந்தது. மூன்றும் ஒரே சங்கிலி. இரவானதும் குதிரைகள் நரியாகித் திரும்புகின்றன. திரும்புவதோடு விடவில்லை, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. அதனால் மன்னனுக்குக் கோபம், அதனால் குதிரை வாங்கப் போன வாதவூரருக்கு, அதாவது மாணிக்கவாசகருக்கு, தண்டனை, அதனால் வைகையில் வெள்ளம், அதனால் கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள், அதனால் பிட்டுக்கு மண். உருமாற்றத்துக்கு விலை உண்டு, அந்த விலையை யாரோ கட்டியாக வேண்டும். ஆவணி மூலத் திருவிழாவில் வருஷாவருஷம் இதைப் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு, விலையே இல்லாத உருமாற்றத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது கொஞ்சம் இடிக்கிறது.

இனி பெரிய சண்டை: மேட் பந்தம்.

வாசனையில் தெரிந்துவிடுகிறது, விதி முடிச்சுப் போட்டுவிட்டது, கழுத்தில் கடித்து அடையாளம் வைத்தால் முடிந்தது. இதை ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று புரிந்துகொள்ளாமல் கேலி செய்வது எளிது. காதல் நாவலின் பெரிய பதற்றம் 'அவன் உண்மையாகவே நேசிக்கிறானா, விட்டுவிட்டுப் போய்விடுவானா' என்பது. பந்தம் அந்தப் பதற்றத்தை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துவைக்கிறது. இவன் இன்னொருத்தி பின்னால் போக மாட்டான், போகவும் முடியாது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போனைத் திறக்கிற வாசகிக்கு அந்த உத்தரவாதம் பெரிய ஆறுதல். அதற்கு அவர் ஐந்து போடுகிறார். அதில் என்ன தப்பு?

மறுபக்கம், அதே உத்தரவாதத்தை நாயகியின் இடத்தில் நின்று பார்ப்பவர்கள். பிறந்த குழந்தையோடு ஓர் ஓநாய் இளைஞனுக்குப் பந்தம் விழுவதாக 2008-ல் ட்வைலைட் வரிசையின் கடைசி நாவல் முடித்தபோது, அதுவரை உருகிய ரசிகர்களிலேயே ஒரு பகுதி முகம் சுளித்தது. விதி என்று சொல்லிவிட்டால் எதையும் நியாயப்படுத்திவிடலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து இந்த வகையை விடவே இல்லை.

மதுரைப் பக்கம் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். 'எனக்கு முறை, எனக்குத்தான் கட்டிக்கொடுக்கணும்' என்று மாமன் மகன் பேசுவதைக் கேட்டு வளர்ந்த ஊர். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் எங்கே போனாலும் முறை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 'நீ என் மேட்' என்று அமெரிக்க ஓநாய் சொல்லும்போது ஒரு வாசகிக்கு அது பூர்வஜென்ம பந்தமாகக் கேட்கிறது. அவர் பக்கத்துவீட்டுப் பெண்ணுக்கு, தாய்மாமன் வீட்டார் தட்டோடு வாசலில் நிற்பதுபோல் கேட்கிறது. ஒரே வரி, ரெண்டு காது. எந்தக் காதில் கேட்கிறோம் என்று சொல்லாமல் 'ரொமான்ஸ் புரியாத ஜென்மம்' என்று ஒருவரும் 'அடிமைப் புத்தி' என்று மற்றவரும் திட்டிக்கொள்வதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

என் கட்சி இதுதான். பந்தம் கதையில் இருக்கட்டும். ஆனால் அது சிக்கலாக இருக்க வேண்டும், தீர்வாக இருக்கக் கூடாது. உடம்பு இழுக்கிறது, மனசு ஒப்பவில்லை, என்ன செய்யலாம் என்று ரெண்டு பேரும் திண்டாடினால் அங்கே கதை பிறக்கிறது. பந்தம் இருப்பதால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை என்று ஆனால் எழுத்தாளர் சோம்பேறித்தனத்தை விதி தலையில் கட்டுகிறார்.

இதைச் சோதிக்க ரெண்டு வழி உண்டு. ஒன்று, வண்டிச் சாவி. நடுக்காட்டு மரவீடு, வெளியே பனிப்புயல், போனில் டவர் இல்லை. அவள் 'நான் போகிறேன்' என்கிறாள். சாவி யார் கையில்? அவள் கையில் கொடுத்துவிட்டு, பாதை வழுக்கும் என்று எச்சரித்துவிட்டு ஒதுங்குகிறவன் நாயகன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு 'உன் நல்லதுக்குத்தான்' என்பவனை நாவல் என்னவென்று சொன்னாலும் எனக்கு வில்லன். இன்னொன்று, அவன் அத்தியாயங்களை விட்டுவிட்டு அவள் அத்தியாயங்களை மட்டும் வாசிப்பது. இந்த நாவல்களில் பெரும்பாலும் அவன் ஓர் அத்தியாயம், அவள் ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் பேசுவார்கள். அவன் உள்ளே எவ்வளவு துடிக்கிறான் என்று நமக்குத் தெரிவதால்தான் ஜன்னலுக்கு வெளியே ராத்திரி முழுக்க நிற்பதை மன்னிக்கிறோம். அவளுக்கு அந்தத் துடிப்பு தெரியாது. அவள் பக்கத்தை மட்டும் படித்தும் காதல் தெரிந்தால் நாவல் தப்பித்தது.

செயலியில் தொடராக வருபவற்றுக்கு வேறு கணக்கு. ஓர் எபி, அதாவது எபிசோட், ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை. முதல் சில எபி இலவசம், பிறகு காசு கொடுத்து வாங்குகிற காயின். பூட்டு விழும் இடத்தைக் கவனியுங்கள்: கழுத்துக் கடிக்கு ஒரு வரி முன்னால். மேட்டை எல்லார் முன்னாலும் நிராகரிக்கிற கதைகள் இதில் தனி ரகம். அவன் அவமானப்படுத்துவான், அவள் ஊரை விட்டுப் போவாள், சில வருஷம் கழித்துக் கெத்தாகத் திரும்புவாள், அவன் பின்னால் அலைவான். 'இன்னும் கொஞ்சம் அலையவிட்டிருக்கலாம் ரைட்டர் ஜி' என்று கமென்ட் குவியும். அதைப் பார்த்து எழுத்தாளரும் இழுப்பார். நூறு எபியில் முடிய வேண்டியது இருநூறைத் தாண்டும். நடுவில் கூடுதல் கடத்தல், கூடுதல் வில்லி, ஞாபக மறதி. இலவசப் பகுதியோடு நின்றவர் ஐந்து போட்டிருப்பார், காசு கட்டிக் கடைசிவரை போனவர் ஒன்று போட்டிருப்பார். சராசரி எண்ணைப் பார்த்துப் படிக்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

அதனால் கருத்து எழுதுகிறவர்கள் நட்சத்திரத்தோடு கொஞ்சம் தகவலும் சேருங்கள். எதுவரை படித்தீர்கள், கதை முடிகிறதா அல்லது அடுத்த பாகத்துக்குத் தொங்குகிறதா, கட்டில் காட்சி கதவுக்கு உள்ளேயா வெளியேயா, கடிக்கு முன்னால் அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியுமா. நாலு வரி போதும்.

கடைசியாகத் தமிழிலேயே ஓநாய் நாயகன் எழுதக் கிளம்பியிருப்பவர்களுக்கு. கொடைக்கானலில் உறைபனி உண்டு, முழங்கால் அளவு பனி கிடையாது; அமெரிக்க மரவீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். இந்திய ஓநாய் இருபது கிலோ சுமார் எடையில், வறண்ட புல்வெளியிலும் முட்புதர்க் காட்டிலும் திரிகிற ஒல்லி மிருகம். பௌர்ணமி ராத்திரி ஆளில்லாத மலை வேண்டும் என்றால் திருப்பரங்குன்றம் ஆகாது, கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வான். சித்ரா பௌர்ணமிக்கு வைகைப் பக்கம் தலைகாட்டவே முடியாது. அப்புறம் வெள்ளி. வெள்ளி பட்டால் ஓநாய் மனிதனுக்குச் சுடும் என்று ஹாலிவுட் பரப்பிய விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள், நாயகி காலில் கொலுசும் போட்டுவிடுகிறீர்கள். கல்யாணத்தில் அம்மி மேல் அவள் காலைத் தூக்கிவைத்து அவன்தானே மெட்டி போட வேண்டும்? சுற்றி ரெண்டு வீட்டுச் சனமும் நிற்க, விரல் பொசுங்கப் பொசுங்க முகத்தில் காட்டாமல் ஒருத்தன் மெட்டி போடுகிற எபியை யாராவது எழுதினால் லிங்க் அனுப்புங்கள். காயின் கட்டிப் படிக்கிறேன்.